பக்கத்து வீட்டு நாய் ஓயாமல் குரைக்கிறதா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

மலேசியாவின் பழைய ரப்பர் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், நாய் இல்லாத வீடு குறைவு. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு அது துணையாகப் போனது, பகலில் லயத்து வாசலில் படுத்துக் கிடந்தது, இரவில் வரிசை முழுவதையும் சுற்றி வந்தது. கட்டிப்போடும் வழக்கம் பெரிதாக இல்லை. பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் டவுனை ஒட்டிய தாமான்களுக்கு, அதாவது புதுக் குடியிருப்புகளுக்கு, குடிமாறின. நாயும் கூடவே வந்தது. ஆனால் அதற்குக் கிடைத்தது 20 அடி அகல வரிசை வீட்டின் போர்ச்சும், அதை அடைத்த ஒரு இரும்புக் கேட்டும்தான். நாள் முழுக்க அலைந்த பிராணி இப்போது நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று தெருவைப் பார்க்கிறது. நம் ஊர்களில் நாய்க் குரைப்புத் தகராறுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பீடோர், பஹாவ், கூலிம் என்று தோட்டம் சூழ்ந்த எந்த டவுனுக்கும் இது பொருந்தும்.

நாய்க்காரரிடம் புகாரோடு போகாதீர்கள், செய்வதற்கு ஒரு சின்ன வேலையோடு போங்கள். "உங்கள் நாய் ரொம்பக் குரைக்கிறது" என்றால் அவருக்குக் கோபம் வரும், என்ன செய்வது என்று மட்டும் தெரியாது. "சாயங்காலம் பள்ளி வேன் வரும்போதுதான் குரைக்கிறது, கேட்டுக்கு ஒரு வலை கட்டிப் பார்ப்போமா" என்றால் அன்றைக்கே ஏதாவது செய்யலாம். அந்தச் சின்ன வேலை எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் கீழே உள்ள அறிகுறிகள்.

எதற்கும் முன்னால்: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். குரைப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, தொடங்குவதற்குச் சற்று முன் தெருவில் என்ன நடந்தது. இந்த மூன்றில் கடைசிதான் முக்கியம். அதைத்தான் பலர் எழுதுவதில்லை.

எந்த நாய் என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். வரிசை வீடுகளின் பின்சந்தில் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி வரும். இடது பக்கத்து வீட்டு நாய் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பின்வரிசையில் மூன்றாவது வீட்டு நாயாக இருக்கும். தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டால் அந்த உறவைச் சரிசெய்யப் பல மாதம் ஆகும். முன்வாசலிலும் பின்வாசலிலும் மாறி மாறி நின்று கேட்டுப் பாருங்கள்.

போனில் பதிவு செய்வது நல்லது. ஆனால் உங்கள் வீட்டுக்குள் நின்று சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், அவர்கள் வீட்டுக்குள் கேமராவைத் திருப்பாதீர்கள். இந்த நோட்டும் பதிவும் பிறகு நகராண்மைக் கழகம் வரை போக நேர்ந்தால் அங்கேயும் கேட்பார்கள்.

தெருவில் யார் போனாலும் குரைக்கிறது, ஆள் போனதும் நின்றுவிடுகிறது

இதுதான் மிகச் சாதாரணமானது, சரிசெய்ய எளிதானதும் இதுதான். நாய் கண்ணில் படுவதைப் பார்த்துக் குரைக்கிறது. ரொட்டிக்காரர் மோட்டார் வருகிறது, குரைக்கிறது, மோட்டார் போய்விடுகிறது. பழைய பேப்பர் லோரி ஒலிபெருக்கியோடு வருகிறது, குரைக்கிறது, லோரியும் போய்விடுகிறது. தபால்காரர், பள்ளி வேன், குப்பை லோரி எல்லாம் அப்படியே. அவர்கள் எப்படியும் போகத்தான் போகிறார்கள். நாய்க்கு அது தெரியாது. தான் குரைத்து விரட்டியதாகவே நினைக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து இருபது முறை ஜெயிக்கிற வேலையை அது ஏன் விடும்? அதனால் இந்த வகைக் குரைப்பு நாளாக நாளாகக் கூடுமே தவிர, தானாகக் குறையாது.

வழி: பார்வையை மறையுங்கள். செடிக்கு நிழல் கட்டும் கறுப்பு வலை ஹார்ட்வேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அடர்த்தியானதாக வாங்கி, வேண்டுமானால் இரண்டாக மடித்து, கேட்டின் உள்பக்கம் கேபிள் டை போட்டுக் கட்டலாம். நாய் பின்னங்காலில் எழுந்து நின்றாலும் கண் எட்டாத உயரம் வரை இருக்க வேண்டும். சிலர் தகரம் அடிக்கிறார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். வெயிலில் போர்ச் அடுப்பாகிவிடும், காற்றில் தகரம் அடித்துக்கொள்ளும், அந்தச் சத்தத்துக்கும் நாய் குரைக்கும்.

கூடவே நாய் படுக்கும் இடத்தைக் கேட்டை ஒட்டி வைக்காமல், பின்னால் சமையல்கட்டுப் பக்கம் மாற்றினால் பாதிச் சத்தம் குறையும்.

சொல்லும் விதம் இப்படி இருக்கலாம்: "அண்ணே, பசங்க சைக்கிள்ல போறப்பதான் டைகர் ரொம்பக் கத்துது. கேட்டுக்கு வலை கட்டிப் பார்க்கலாமா? எங்கிட்ட மிச்ச வலை இருக்கு, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து கட்டிடலாம்." நாயின் பெயரைச் சொல்லிப் பேசுவது முக்கியம். "அந்த நாய்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பக்கத்து வீட்டில் சீன அங்கிள் இருந்தாலும் இதே விஷயம்தான், மலாயில் பேசுங்கள். ஆனால் வாட்சாப்பில் அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். எழுத்தில் எதுவும் உள்ளதைவிடக் கடுமையாகத் தெரியும்.

வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியதும் தொடங்கி, திரும்பி வரும்வரை நிற்பதில்லை

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: நாய்க்காரருக்கு இது தெரியவே தெரியாது. அவர் இருக்கும்போது நாய் காலடியில் சுருண்டு படுத்திருக்கும். "எங்க நாயா? அது வாயே திறக்காதே" என்று அவர் சொன்னால் பொய் சொல்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். அவருக்குத் தெரிந்தவரை அதுதான் உண்மை. இந்த ஒரு இடத்தில்தான் எத்தனையோ நல்ல அண்டை வீட்டு உறவுகள் கெட்டுப்போகின்றன. இவர் "நடிக்கிறார்" என்கிறார், அவர் "வேண்டுமென்றே குறை சொல்கிறார்" என்கிறார்.

நம் ஊர்களில் இது கூடிக்கொண்டே போவதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்டார்கள். வீட்டில் இருப்பவர்கள் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறார்கள். 12 மணி நேர ஷிப்ட் என்றால், பஸ் ஏறி இறங்கும் நேரமும் சேர்த்து நாய் அரை நாளுக்கு மேல் தனியாக இருக்கிறது. நாய் கூட்டமாக வாழும் பிராணி. தனிமையில் சில நாய்களுக்கு உண்மையான பயமே வருகிறது. கதவைப் பிறாண்டும், எச்சில் ஒழுகும், சாப்பாட்டைத் தொடாது, சின்ன இடைவெளி விட்டு ஒரே மாதிரி குரைத்துக்கொண்டே இருக்கும். வேறு சில நாய்களுக்குப் பயம் இல்லை, வெறும் சலிப்புதான். அவை கொஞ்ச நேரம் குரைக்கும், செருப்பைக் கடிக்கும், தூங்கும், மறுபடி குரைக்கும். இந்த வித்தியாசத்தை நோட்டில் குறித்திருந்தால் நாய்க்காரருக்கு அது பெரிய உதவி.

முதலில் பதிவைக் கேட்கக் கொடுங்கள். குற்றம் சாட்டும் குரலில் அல்ல: "அக்கா, நீங்க போனதும் பாவம் ரொம்ப ஏங்குது, கேட்டுப் பாருங்க." தன் நாய் இப்படி அழுகிறது என்று காதால் கேட்கும்போது அவர் மனம் இளகும். உங்கள் தூக்கத்துக்காக அவர் செய்யாததை நாய்க்காகச் செய்வார்.

சலிப்புக்கு வழி எளிது. வேலைக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் நடக்க விட வேண்டும். செம்பனை ஓரத்து மண்பாதையில் கயிறு போட்டு நடத்தினால் போதும். நாய் மோந்து பார்த்துக்கொண்டே நடக்கும் நடைதான் அதைக் களைப்பாக்கும். கிளம்பும்போது தட்டில் சோற்றைக் கொட்டிவிட்டுப் போகாமல், கடிக்க நேரம் பிடிக்கிற மாதிரி எதையாவது கொடுக்கலாம். சோற்றோடு கோழி ரசம் கலந்து ஒரு டப்பாவில் உறையவைத்துக் கொடுத்தால் அதை நக்கியே முடிக்க வெகுநேரம் ஆகும். வெங்காயமும் பூண்டும் மட்டும் சேர்க்கக் கூடாது, நாய்க்கு ஆகாது.

தனிமைப் பயத்துக்கு இவ்வளவு போதாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். இரண்டு நிமிடம் வெளியே போய்த் திரும்புவது, பிறகு ஐந்து, பத்து என்று. கிளம்பும்போதும் வரும்போதும் பெரிதாகக் கொஞ்சாமல் இருக்க வேண்டும். ரொம்ப மோசமாக இருந்தால் மிருக வைத்தியரிடம் காட்டினால் மருந்தும் கொடுப்பார். உங்கள் வீட்டில் பகலில் பெரியவர்கள் இருந்தால், "மத்தியானம் ஒரு தடவை நாங்க எட்டிப் பார்த்துத் தண்ணி வைக்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் தாமானில் ஒரு பாட்டி இதைத்தான் செய்தார். நாய் அவர் குரலுக்குப் பழகியபின் பகல் குரைப்பு பெருமளவு அடங்கியது.

நடுச்சாமத்தில் குரைக்கிறது, பகலில் சாதுவாக இருக்கிறது

செம்பனையை ஒட்டிய வீடுகளில் இரவுக்குத் தனி நடமாட்டம் உண்டு. உதிர்ந்த பழத்துக்குக் காட்டுப்பன்றி வரும். மூசாங் (மரநாய்) கூரைமேலேயே ஓடும். எலியைத் தேடி மலைப்பாம்பு வடிகாலில் வரும். எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்து வளர்க்கும் கூகை, வீட்டுக்கு மேல் கிறீச்சிட்டுப் பறக்கும். நாம் இதை எதையும் கேட்பதில்லை. நமக்குக் காது எட்டுவது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான், நாய்க்கு 45,000 வரை எட்டும். எலியின் மெல்லிய கீச்சுக்கூட அதற்குக் கேட்கும். வீட்டுப் பெரியவர்கள் "முனி நடமாட்டம்" என்று பயந்தால் அவர்களோடு வாதாட வேண்டாம், டார்ச் அடித்துக் கூரையைக் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வழக்கமாகக் குரைக்காத நாய் திடீரென்று ஒரு இரவு விடாமல் குரைத்தால், சலித்துக்கொள்வதற்கு முன் எழுந்து பாருங்கள். திருடனாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டில் யாராவது விழுந்தும் கிடக்கலாம்.

வழக்கமான இரவுக் குரைப்புக்கு மூன்று வேலைகள் உண்டு. முதலாவது உங்கள் பக்கத்திலேயே செய்ய முடிவது: பின்சந்தில் மூடியில்லாத குப்பைத் தொட்டி, மீந்த சோறு, கோழிக்கூண்டுக்கு அடியில் சிந்திய தீனி எல்லாம் எலியைக் கூப்பிடும், எலி மற்றதையெல்லாம் கூப்பிடும். இரண்டாவது, ஆள் அசைந்தால் எரியும் விளக்கு பின்சந்தைப் பார்த்து இருந்தால் அதைத் திருப்பி வையுங்கள். பூனை ஓடினாலும் எரிந்து நாயை எழுப்பிவிடும். மூன்றாவதுதான் பெரிய பலன் தரும்: இரவு 11 மணிக்கு மேல் நாயை உள்ளே விடுவது. சமையல்கட்டோ, பின்கட்டோ, குளியலறை ஓரமோ போதும், கதவை மூடினால் சரி. வீட்டுக்குள் நாயை விடுவதில்லை என்ற கொள்கை உள்ள வீடு என்றால், மூன்று பக்கம் அடைத்த கூடு ஒன்றை உங்கள் படுக்கையறைக்கு எதிர்ப்பக்கம் வைக்கச் சொல்லலாம்.

நாய் மாறும் வரை நீங்கள் தூங்கியாக வேண்டும். நம் பழைய வீடுகளில் உள்ள, கண்ணாடிப் பட்டைகளை அடுக்கிய நாக்கோ ஜன்னல் மூடியிருந்தாலும் இடைவெளி வழியே சத்தத்தை விடும். கட்டிலை அந்தச் சுவரிலிருந்து மாற்றிப் போடுங்கள், தடித்த திரை போடுங்கள், மேசைக் காற்றாடியைத் தலைமாட்டில் வையுங்கள். காற்றாடியின் ஒரே சீரான இரைச்சல் திடீர்க் குரைப்பின் கூர்மையைக் குறைக்கும்.

சங்கிலியில் கட்டிய நாய், காலை முதல் இரவு வரை ஓயாமல்

இதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. நாள் முழுக்க ஒரு மீட்டர் சங்கிலியில் கிடக்கும் நாய் குரைப்பது தொந்தரவு செய்வதற்காக அல்ல, அதற்கு வேறு எதுவும் செய்ய முடியாததால். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது, எதிரே பூனை வந்தாலும் பாம்பு வந்தாலும் வாய் மட்டும்தான் மிச்சம். வருடக்கணக்கில் கட்டிக் கிடக்கும் நாய் கடிக்கும் நாயாகவும் மாறும்.

சங்கிலியை அவிழ்க்கச் சொன்னால் "ஓடிவிடும், யாரையாவது கடித்தால் நகராண்மைக் கழகம் பிடித்துக்கொண்டு போய்விடும்" என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. இடைப்பட்ட வழி ஒன்று இருக்கிறது. இரண்டு தூணுக்கு இடையில் தலைக்கு மேல் ஒரு இரும்புக் கம்பி கட்டி, அதில் வளையம் மாட்டி, சங்கிலியை வளையத்தில் கோத்தால் நாய் வீட்டின் நீளத்துக்கு ஓடி வரலாம். சங்கிலி எதிலும் சிக்காத இடமாகப் பார்க்க வேண்டும், நிழலும் தண்ணீரும் இரண்டு முனையிலும் எட்ட வேண்டும். கேட்டின் அடியில் உள்ள இடைவெளியை அடைத்துவிட்டுப் போர்ச்சில் அவிழ்த்து விடுவது இதைவிட நல்லது. ஒரு நாளைக்கு இரண்டு நடை சேர்ந்தால் மாற்றம் தெரியும்.

தண்ணீர், நிழல், உணவு கொடுப்பது உரிமையாளரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் சொல்கிறது. இதை முதல் பேச்சிலேயே எடுக்க வேண்டாம். ஆனால் நாய் எலும்பும் தோலுமாக, புண்ணோடு, தண்ணீர் இல்லாமல் கிடந்தால் காத்திருக்க வேண்டாம். கால்நடைச் சேவைத் துறையிடம் நேராகப் புகார் செய்யுங்கள். அது அண்டை வீட்டுத் தகராறு இல்லை.

ஒன்று தொடங்கினால் தெருவே குரைக்கிறது

எது முதலில் தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். பல நாய் இருக்கும் வீட்டில் பொதுவாக ஒன்றுதான் தூண்டிவிடும், மற்றவை பின்பாட்டு. அந்த ஒன்றின் இடத்தை மாற்றினால், அல்லது அதற்கு மட்டும் மறைப்புக் கட்டினால் மற்றவையும் அடங்கும்.

சில வாரம் மட்டும் இரவெல்லாம் சண்டையும் குரைப்பும் என்றால், பக்கத்தில் ஒரு பெண் நாய் பருவத்தில் இருக்கிறது. வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். வாசனை வெகுதூரம் போகும், ஊரில் உள்ள ஆண் நாயெல்லாம் அந்தக் கேட்டுக்கு வரும். இதற்கு ஒரே நிரந்தர வழி கருத்தடை. இல்லாவிட்டால் சுமார் 63 நாளில் குட்டி, அப்புறம் அந்தக் குட்டிகளில் பாதி செம்பனைக்குள் விடப்பட்டு அடுத்த தெருநாய்க் கூட்டம். ஈப்போவில் உள்ள விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்திடமும் தனியார் கிளினிக்குகளிடமும் கட்டணம் விசாரிக்கலாம். தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து பணம் போட்டு ஒரு பெண் நாய்க்குக் கருத்தடை செய்வது, எல்லாரும் சேர்ந்து அனுபவிக்கப்போகும் அமைதிக்குக் கொடுக்கும் விலை. நான் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

தெருநாய்களுக்குச் சோறு போடுபவர் இருந்தால் திட்டாதீர்கள். வீடுகளைத் தள்ளி, ஒரே இடத்தில், பகல் வெளிச்சத்தில் போடச் சொல்லுங்கள். இரவில் வாசலில் போட்டால் அங்கேதான் சண்டை.

ஊளையிடுகிறது

பாங்கு, கோயில் சங்கு, ஆம்புலன்ஸ், ரயில் ஹாரன். நீண்டு இழுக்கும் ஒலிக்கு நாய் தன் குரலைச் சேர்க்கிறது. அதற்கு வலியும் இல்லை, கெட்ட சகுனமும் இல்லை. ஒலி நின்றதும் நின்றுவிடும், விட்டுவிடுங்கள். பாங்கு நேரத்தில் மட்டும் நாயை உள்ளே கூட்டிக்கொள்ளச் சொல்வது சூராவ் (சிறிய தொழுகைக்கூடம்) பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு மரியாதை. கூடு கழுவும் தண்ணீர் முஸ்லிம் வீட்டு வாசல் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்வதும் அப்படித்தான்.

தீபாவளி வெடி, சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவு வெடி என்றால் அது பயக் குரைப்பு. அந்த இரவுகளில் மூடிய அறை, காற்றாடி, டிவி சத்தம். அவ்வளவுதான் செய்ய முடியும்.

இத்தனை நாள் சும்மா இருந்த நாய் திடீரென்று மாறிவிட்டது

வீட்டில் என்ன மாறியது என்று கேளுங்கள். புது ஷிப்டா, பிள்ளை வெளியூர் போய்விட்டதா, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா? எதுவும் இல்லையென்றால் உடம்பைப் பார்க்க வேண்டும். காதில் புண், உண்ணி, மூட்டு வலி எல்லாம் குரைப்பாக வெளிவரும். வயதான நாய்க்குக் காது மந்தமாகி, நினைவும் தடுமாறி, இரவில் சுவரைப் பார்த்துக் குரைக்கும் நிலை வருவதுண்டு. அதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை, மிருக வைத்தியர்தான் வழி.

வீடு பூட்டிக் கிடந்து நாய் மட்டும் உள்ளே என்றால் முதல் நாளே வீட்டுக்காரருக்குப் போன் போடுங்கள்.

உங்களைப் பார்த்தால் மட்டும் குரைக்கிறது

உங்களை அது இன்னும் அந்நியராக நினைக்கிறது. நாய்க்காரர் அனுமதியோடு, அவர் பக்கத்தில் நிற்க, சில நாள் தின்பண்டம் கொடுத்துப் பழகுங்கள். கண்ணை நேராகப் பார்க்காமல், பக்கவாட்டில் நின்று, தரையில் போடுங்கள். கேட்டுக்குள் கை நீட்ட வேண்டாம். அனுமதி கேட்காமல் வேலிக்கு மேல் எதையும் எறிய வேண்டாம், நாளைக்கு நாய்க்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் பழி உங்கள் மேல்தான் விழும்.

கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவி, உடனே கிளினிக்குக்குப் போங்கள். மலேசியா 2012இல் வெறிநாய்க்கடி இல்லாத நாடாக அங்கீகரிக்கப்பட்டது, ஆனால் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017இல் சரவாக்கிலும் நோய் திரும்பி வந்தது. சின்னக் கடி என்று விடக்கூடாது.

செய்யக் கூடாதவை

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்துவது. நாய்க்கு அது நீங்களும் சேர்ந்து குரைப்பதாகத்தான் கேட்கும்.

கல், வெந்நீர், பட்டாசு. நாயின் பயத்தைக் கூட்டுவதால் குரைப்பும் கூடும்.

ஆன்லைனில் விற்கும், நமக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி. சில நாய் கொஞ்ச நாள் அடங்கும், பிறகு பழகிவிடும். குரைக்காத நாய்களையும் அது வதைக்கும்.

விஷம். தோட்டத்து ஊரில் எலிமருந்தும் களைக்கொல்லியும் எளிதாகக் கைக்கு வரும், கோபத்தில் சிலர் அந்த எல்லைக்குப் போயிருக்கிறார்கள். அது ஒரு உயிரை மணிக்கணக்கில் துடிக்கவைத்துக் கொல்வது. சட்டப்படியும் விலங்கு வதைக்குக் குறைந்தது 20,000 வெள்ளி, அதிகபட்சம் 100,000 வெள்ளி அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அந்த உருண்டையைத் தெருக் குழந்தையும் எடுத்து வாயில் வைக்கலாம்.

எல்லாம் சொல்லியும் நாய்க்காரர் கேட்கவில்லை

இரண்டு முறை நேரில் பேசி, ஒரு மாதம் போல நேரமும் கொடுத்தபின் அடுத்த படி. அதற்குள் நாய்க்காரர் ஏதாவது முயற்சி செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். குரைப்பைக் கவனிக்காமல் விடும் பழக்கத்தைத் தொடங்கினால், முதல் சில நாள் குரைப்பு முன்பைவிடக் கூடும், பிறகுதான் குறையும். அந்தச் சில நாளில்தான் பலர் பலனில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள்.

முதலில் நடுவில் ஒருவரை வையுங்கள். இந்தியச் சமூகத் தலைவர், கோயில் கமிட்டியில் இருவருக்கும் தெரிந்த அண்ணன், பழைய தோட்டத்துத் தண்டல் (மேற்பார்வையாளர்). 1975இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்க அமைப்பு உங்கள் தாமானில் இருந்தால் அதன் தலைவரிடம் சொல்லுங்கள். ஒற்றுமைத் துறையில் பயிற்சி பெற்ற சமூக மத்தியஸ்தர்கள் உண்டு, இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். இதை நான் மிகவும் நம்புகிறேன். நகராண்மைக் கழக அதிகாரி வந்து போனபிறகும் நீங்கள் இருவரும் அதே சுவரைப் பகிர்ந்துகொண்டுதான் வாழப்போகிறீர்கள்.

அடுத்தது ஊராட்சி. சுங்கை சிப்புட் என்றால் கோலகங்சார் நகராண்மைக் கழகம். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் பொதுத் தொல்லையைத் தடுக்கவும் நாய் வளர்ப்புக்கு லைசன்ஸ் விதிக்கவும் இவற்றுக்கு அதிகாரம் தருகிறது. எத்தனை நாய் வளர்க்கலாம் என்பது ஊராட்சிக்கு ஊராட்சி, வீட்டின் வகைக்கு ஏற்ப மாறும், கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். புகாரை மலாயில் எழுதுங்கள். முகவரி, நாள், நேரம், எத்தனை நாய், இதுவரை நீங்கள் செய்த முயற்சி, பதிவு. "தூங்க முடியவில்லை, பெரிய தொல்லை" என்று மட்டும் எழுதினால் அதிகாரி வரும் நேரத்தில் நாய் தூங்கிக்கொண்டிருக்கும். "திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 மணிக்குமேல்" என்று எழுதினால் அந்த நேரத்தில் வருவார். ஊராட்சிகள் பல சிஸ்பா என்ற இணையப் புகார் முறையைப் பயன்படுத்துகின்றன. புகார் எண்ணைக் குறித்து வைத்து, பதில் இல்லாவிட்டால் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்றை யோசித்துவிட்டுப் புகார் செய்யுங்கள். லைசன்ஸ் இல்லாத நாய் என்றால் அதைப் பிடித்துக்கொண்டு போகவும் கூடும், திரும்பி வராமலும் போகலாம். அதனால் புகாருக்கு முன்பே நாய்க்காரரிடம், "முதல்ல லைசன்ஸ் எடுத்துடுங்க" என்று சொல்லிவிடுவது நேர்மை.

அடுக்குமாடி வீடு என்றால் வழி வேறு. 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடிப் பராமரிப்பு விதிகளின்படி, மற்றவர்களுக்குத் தொல்லை தரும் பிராணியை வைத்திருக்கக் கூடாது. நிர்வாகம் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் மூன்று நாளுக்குள் அகற்ற வேண்டும். ஆகவே அங்கே முதலில் நிர்வாக அலுவலகம்.

மிரட்டல், கைகலப்பு, நாயை ஏவிவிடுதல் என்று போனால் போலீஸ் ரிப்போர்ட். சத்தத்துக்காக மட்டும் போலீசுக்குப் போனால் ஊராட்சிக்கு அனுப்பிவிடுவார்கள். வழக்கறிஞர் கடிதமும் நீதிமன்றமும் கடைசி. அங்கேயும் முதலில் கேட்பது உங்கள் நோட்டைத்தான்.

அடங்கிய குரைப்பு மறுபடி தொடங்கிவிட்டது

பழைய நோட்டை எடுத்துப் புதுக் குறிப்போடு ஒப்பிடுங்கள். நேரம் அதேதானா? அதே நேரம், அதே காரணம் என்றால் மறைப்பில் ஏதோ ஆகியிருக்கிறது. வலை வெயிலில் இற்றுக் கிழிந்திருக்கும், அல்லது கேபிள் டை அறுந்து ஒரு மூலை தொங்கும். நாய் சின்ன ஓட்டை வழியாகவும் தெருவைப் பார்க்கும், அதைப் பார்த்து இன்னும் வேகமாகக் குரைக்கும். நேரம் மாறியிருந்தால் வீட்டுக்காரர் ஷிப்ட் மாறியிருக்கும், காலை நடை நின்றிருக்கும், எதிர்வீட்டில் புதிதாக ஒரு குட்டி வந்திருக்கும். எதிர்வீட்டுக் குட்டி என்றால் அது பெரிதாவதற்கு முன்பே அவர்களிடம் போய், மிச்ச வலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.